பாட்டுக்கு முன் கால் மணித்தியாலம்

வியாழன் ஆறரை. டச்பார் கோயில்.
பாட்டுத் தாளை இப்போது எடுக்காதீர்கள்.
செருப்பைக் கழற்றியாச்சா,
தோளையும் கழற்றி அந்த வாங்கில் வையுங்கள்.
பகல் முழுக்கத் தூக்கித் திரிந்த தோள்:
எமில்டாவுக்குத் தையல் மிசினில்,
ஷெல்டன் பார்த்தலோட்டுக்கு லேத்துப் பட்டறையில்,
எனக்குப் பிரசவ வாட்டில்.
கழுத்தை மெல்லச் சுழற்றுங்கள்.
நறுக்கென்று கேட்டால் அது சுருதி அல்ல.

இனிக் கொட்டாவி.
பூசையில் அடக்கி வைத்ததெல்லாம்
இங்கே விடலாம், பாதர் இல்லை.
உள்நாக்குத் தெரிய,
கரையில் போட்ட கொடுவா வாய் பிளக்கிறாப்போல.
ஆ.
அந்த இடத்தை மறந்துவிடாதீர்கள்,
பாட்டு குடிவரப்போகிற வீடு அது.

மூச்சை வாங்கி
ஸ் என்று விடுங்கள், இருபது எண்ணும்வரை,
சைக்கிள் டியூப்பில் முள் ஏறினாப்போல, சீராக.
"விடுங்க, விடுங்க, மெல்ல விடுங்க" என்கிறேன்.
சொப்ரானோ வரிசையில் மூன்று பேருக்குச் சிரிப்பு.
இதே குரலில் இதே சொல்லைக்
கட்டிலில் கிடந்து கேட்டவர்கள்.
அதில் ஒருத்தியின் மூத்தவன்
கடைசி வாங்கில் சட்டைக் கொலரைக் கடித்தபடி
தானும் ஸ் என்கிறான்,
நாற்பது தாண்டியும் நிறுத்தவில்லை.

உதடுகளை அதிர விடுங்கள், பர்ர்ர்,
வள்ளத்து எஞ்சின் பிடிக்காமல் இழுபடுகிற மாதிரி.
எச்சில் தெறித்தால் முன்வரிசை மன்னிக்கும்.

பிறகு நாக்கு.
கொழுத்த கோழி கொல்லைக்குள்
குழி கிளறிப் புழு விழுங்கும்.
மூன்றாம் தரத்தில் கோழி கோளியாகிவிட்டது.
"எங்கட பக்கம் அது புளுதான் மிஸ்,
கோளிக்கு விளங்கும்" என்கிறான் ஷெல்டன்.
கோழிக்கும் கடவுளுக்கும் விளங்கும்,
பின் வாங்கில் இருப்பவர்களுக்கு விளங்காது.
இன்னொருக்கா.

கடைசியில் வாய் மூடி, ம்.
எங்கள் ஓர்கனில் உப்புக்காற்று ஏறி
நடுவில் நாலு கட்டை செத்துப்போச்சு.
சுருதிக்கு நாங்கள் பிடிப்பது
றோட்டுக்கு அந்தப்பக்கத்து ஐஸ் பெக்டறியை.
கம்பிரசர் இரவு பகலாய்
ஒரே சுரத்தில் நின்று பிடிக்கும்.
பெயர் தெரியாது. ஐஸ் என்றே கூப்பிடுவோம்.
ஐஸில் தொடங்குங்க.
ஐஸுக்கு ரெண்டு மேலே, அல்ட்டோ.

போன வியாழன் கரண்ட் போனது.
இருட்டு பழகினதுதான்.
அந்தச் சுரம் போனதுதான் பிரச்சினை.
காலடியில் படி இல்லாத மாதிரி
இருபத்திரண்டு பேரும்
ஆளுக்கொரு ம்-மில் தடவினோம்.
யாரோ ரொர்ச் தேடினார்கள், அதனால் என்ன பயன்.

பின்னாலிருந்து பத்திநாதர்.
பதினொரு வருசம் அந்தப் பெக்டறியில் இரவு வேலை,
மேல்ச்சுரம் ஏறாத காது,
ஒத்திகையில் ஒருநாளும் வாய் திறந்து பேசாதவர்.
வாய் திறக்காமலே தந்தார்.
அதே ஐஸ்.
கட்டியில் ஒட்டின உமி போலக்
கொஞ்சம் சொரசொரப்போடு.
முதலில் எமில்டா கால் வைத்தாள்,
பிறகு பார்த்தலோட், பிறகு
யார் யார் என்று தெரியவில்லை,
பையனும்தான்.

எவ்வளவு நேரமென்று நான் எண்ணவில்லை.
எண்ணுவதுதான் என் உத்தியோகம்.

கரண்ட் வந்தது.
கம்பிரசர் இரண்டு தரம் இருமிப் பிடித்தது.
ஒரு மயிரிழை இறங்கியிருந்தது,
பத்திநாதர் அல்ல, பெக்டறி.
அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"பெல்ட் மாத்தணும்" என்றார்.

சரி, தாளை எடுங்கள்.
பன்னிரண்டாம் பக்கம்.